சுண்ணாம்புச் சில்லில் ஒரு கொலை: பண்டைய எகிப்தில் துப்பறியும் கதை எழுதப் புறப்படுகிறவர்களுக்கு

என் முதல் எகிப்துக் கதையின் மூன்றாவது பத்தியிலேயே ஒட்டகம் வந்துவிட்டது. ஐந்தாவது பத்தியில் பருத்தித் துணி கட்டிய பூசாரி. பத்தாவதில் இடுப்பிலிருந்து தங்கக் காசை எடுத்து நீட்டும் கொலைகாரன். எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ராம்செஸ் என்ற பெயரில் மன்னர்கள் ஆண்ட காலத்தில் எகிப்தில் சுமை தூக்கியது கழுதை. ஒட்டகம் அங்கே அன்றாடக் காட்சியானது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். துணி என்றால் ஆளி நாரில் நெய்த லினன். அங்கே நாணயம் அடிக்க ஆரம்பித்ததே கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில். சரி என்று மூன்றையும் திருத்தினேன். கதை அப்போதும் தேறவில்லை. விஷக் கோப்பை, ரகசியக் கதவு, சாகும்போது ரத்தத்தால் சுவரில் கிறுக்கிய எழுத்து என்று எல்லாமே நான் சின்ன வயதில் படித்த பாக்கெட் நாவல்களிலிருந்து வந்திருந்தன. பிரமிடு வெறும் படுதா. அதைக் கழற்றிவிட்டு வேறு எந்த அரண்மனையை மாட்டினாலும் கதை அப்படியே ஓடும்.

துப்பு அந்த மண்ணிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும். அதற்கு எந்த வரிசையில் வேலை செய்யலாம் என்று, நான் இடறி விழுந்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. ஒரு காலம், ஒரு ஊர்

'பண்டைய எகிப்து' என்பது ஒரு காலம் இல்லை. மூவாயிரம் வருடம். துட்டன்காமன் அரியணையில் இருந்தபோது கீசாவின் பெரிய பிரமிடுக்கு வயது ஏறக்குறைய 1200. அவனுக்கே அது பாட்டன் பூட்டன் காலத்துச் சங்கதி. குதிரையும் தேரும் இல்லாத நூற்றாண்டுகள் பல உண்டு. அரசனை 'பாரோ' என்று குறிப்பிடும் வழக்கமே 18-ஆம் வம்ச காலத்தில்தான், அதாவது துட்டன்காமனின் வம்ச காலத்தில்தான் வந்தது. அதனால் முதல் வேலை, ஒரு மன்னனின் ஆட்சியைப் பிடித்துக்கொண்டு அதைவிட்டு நகராமல் இருப்பது.

புதியவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஊர் டெய்ர் எல்-மெதினா. இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், மலை மடிப்புக்குள் ஒளிந்த சிற்றூர். மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் தங்கள் குடும்பங்களோடு வாழ்ந்த இடம். மதிலுக்குள் 68 வீடுகள் அளவில் இருந்தன. நடுவில் ஒடுக்கமான ஒரு தெரு. வீட்டுக்கு வீடு பொதுச் சுவர். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். துப்பறியும் கதைக்கு இதைவிடத் தோதான ஊரை நாமாக உட்கார்ந்து கற்பனை செய்தாலும் கிடைக்காது.

இன்னொரு வசதியும் உண்டு. அவர்களுக்கு வாரம் என்பது பத்து நாள். வேலை நாட்களில் ஆண்கள் ராத்திரி வீட்டுக்கு வருவதில்லை; ஊருக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையிலுள்ள மலைமுகட்டில் கல் குடிசைகள் போட்டுத் தூங்கினார்கள். வாரக் கடைசியில்தான் இறங்கி வருவார்கள். அந்த இரவுகளில் ஊருக்குள் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள், கூடவே 'உடம்பு சரியில்லை' என்று தங்கிவிட்ட ஓரிருவர். அந்த ஓரிருவர் யார் என்பதிலிருந்தே கதையை ஆரம்பித்துவிடலாம்.

2. மன்னர்களின் வரலாற்றுக்கு முன் கணக்கு வழக்கைப் படியுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன், சரக்கு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

பப்பைரஸ் தாள் விலை கூடுதல். அதனால் அந்த ஊர்க்காரர்கள் உடைந்த பானை ஓட்டிலும், மலையில் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புக்கல் சில்லிலும் மையால் எழுதினார்கள். ஆஸ்ட்ரகான் என்பது இவற்றுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர். எனக்குச் சில்லு போதும். ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரும்பள்ளத்திலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கில் வாரினார்கள். 1922 முதல் முப்பது வருடம் பெர்னார் ப்ரூயெர் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே தோண்டிக்கொண்டிருந்தார்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு பெரிய சில்லு இருக்கிறது. இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் கி.மு. 1240. ஓர் ஓரமாக ஆட்களின் பெயர்கள். பெயருக்கு எதிரே அவர் வராத தேதிகள் கறுப்பு மையில். ஒவ்வொரு தேதிக்கும் மேலே சிவப்பு மையில் காரணம்: நோய், தேள் கொட்டியது, கண் வலி, மேஸ்திரியின் சொந்த வேலைக்குப் போனான், பீர் காய்ச்சுகிறான், தாயின் பிணத்தைப் பதப்படுத்தித் துணி சுற்றுகிறான். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய வருகைப் பதிவேடு.

துப்பறியும் கண்ணோடு இதைத் திரும்பப் படியுங்கள். சம்பவம் நடந்த அன்று யார் எங்கே இருந்தார் என்பதற்கு அரசாங்கக் கணக்கரே எழுதிய சாட்சியம் இது. ஒருவனுக்கு நேரே 'தேள் கொட்டியது' என்று இருக்கிறது. அன்று மாலையே அவன் கோயிலில் நின்றதைப் பார்த்ததாக ஒரு பெண் சொல்கிறாள். தேள் கொட்டிய காலோடு மலை இறங்கி நடந்து வந்தானா? அல்லது கணக்கருக்கு யாராவது ஒரு குடம் பீர் கொடுத்தார்களா? பாருங்கள், கைரேகையும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமலே முதல் துப்பு கையில் வந்துவிட்டது.

அடுத்தது உளி. அந்தக் காலத்தில் செம்புதான் பணம் மாதிரி. உளிகள் தொழிலாளிக்குச் சொந்தமில்லை, அரசனுடையவை. கணக்கர் எடை போட்டுக் கொடுப்பார், எடை போட்டே திரும்ப வாங்குவார். முனை மழுங்கினால் திரும்ப உருக்கி அடிக்க வேண்டும். ஒருவன் உளியை ஒப்படைக்கிறான். தராசின் ஒரு தட்டில் அவன் பெயருக்கு உரிய எடைக்கல், மறு தட்டில் உளி. கல் பக்கம் மெல்லத் தாழ்கிறது. தேய்மானம் என்று அவன் சொல்கிறான். நான்கு நாள் வேலைக்கு இத்தனை தேயுமா என்று கணக்கர் நிமிர்ந்து பார்க்கிறார். நுனி உடைந்து எங்கே தங்கியிருக்கிறது என்பது வாசகனுக்கு இரண்டு அத்தியாயம் கழித்து, பிணத்தைப் பதப்படுத்தும் கூடாரத்தில் தெரிய வந்தால் போதும்.

விளக்குத் திரியையும் எண்ணி எழுதினார்கள், காலை வேலைக்கு இத்தனை, பிற்பகலுக்கு இத்தனை என்று. கல்லறைக்குள் இருட்டு, திரி எரிந்த அளவுதான் வேலை நேரம். இரண்டு திரி கூடுதலாகச் செலவாகியிருந்தால் உள்ளே யாரோ வேலை நேரத்துக்குப் பிறகும் இருந்திருக்கிறார்கள்.

சலவைக்கும் பட்டியல் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகத் துணியின் படத்தை வரைந்து பக்கத்தில் புள்ளி வைத்து எண்ணிக்கை காட்டிய சில்லுகள் கிடைத்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

விலைவாசியையும் குறித்துக்கொள்ளுங்கள். டெபென் என்பது சுமார் 91 கிராம் எடை. பொருட்களின் மதிப்பைச் செம்பு டெபெனில் சொன்னார்கள், கொடுத்ததோ தானியமும் துணியும் ஆடும். சாதாரணத் தொழிலாளிக்கு மாதக் கூலி நான்கு மூட்டை எம்மர் கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. 'கார்' எனப்பட்ட அந்த மூட்டை ஏறக்குறைய 76 லிட்டர். விலை சுமார் 2 டெபென். ஒரு சட்டை 5 டெபென். நல்ல கழுதைக்கு 25-லிருந்து 40 வரை. இவ்வளவு தெரிந்தால், கூலிக்காரன் வீட்டில் திடீரென்று புதுக் கழுதை நிற்கும்போது உங்கள் துப்பறிவாளருக்குப் புருவம் ஏறும்.

3. நிஜ வழக்கு ஒன்றை எடுத்து, அதன் ஓட்டையில் நுழையுங்கள்

முழுக்கக் கற்பனையாக ஆரம்பிக்காதீர்கள். நிஜ வழக்குகளே நம் கற்பனையைவிட மோசமாக இருக்கின்றன.

பனேப் என்ற மேஸ்திரி மேல் அமென்நக்த் என்பவர் கொடுத்த புகார் மனு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 'சால்ட் 124' என்ற பப்பைரஸாக இருக்கிறது. கி.மு. 1200-ஐ ஒட்டிய காலம். குற்றச்சாட்டுகளை வரிசையாகப் படித்தால் மூச்சு வாங்கும். இரண்டாம் சேத்தி மன்னனின் கல்லறையில் திருடினான்; புதைக்கப்பட்ட மன்னனின் கல் பெட்டி மேலேயே உட்கார்ந்து மது குடித்தான்; அரசனின் கருவிகளை எடுத்துத் தன் சொந்தக் கல்லறை வேலைக்குப் பயன்படுத்தினான்; ஊர் மதில்மேல் ஏறித் தெருவில் போனவர்கள் மீது செங்கல்லை வீசினான்; ஊர்ப் பெண்கள் பலரோடு தொடர்பு. ஹெனுத்மிரே என்ற அரசியின் கல்லறையிலிருந்து ஒரு வாத்தைத் திருடிவிட்டு, 'என்னிடம் இல்லை' என்று சத்தியம் செய்தான். அது அவன் வீட்டிலேயே கிடைத்தது.

புகார் கொடுத்தவருக்கும் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது. அவருடைய அண்ணன் நெஃபர்ஹோதெப் முன்பு மேஸ்திரி. 'எதிரி' அவரைக் கொன்றான் என்று மனுவில் ஒரே வரி. எந்த எதிரி என்று இல்லை. அந்த நாற்காலி தனக்கு வந்திருக்க வேண்டும், 'என் அப்பாவின் ஐந்து வேலையாட்களையே அமைச்சருக்கு லஞ்சமாகக் கொடுத்துப் பனேப் பறித்துக்கொண்டான்' என்பது அமென்நக்தின் ஆற்றாமை. ஆக, மனுவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வயிற்றெரிச்சல்? ஒரு நாவலுக்கு இது போதாதா?

கல்லறைக் கொள்ளை வழக்குகள் அடுத்தது. ஒன்பதாம் ராம்செஸின் 16-ஆம் ஆண்டு, சுமார் கி.மு. 1110. அமென்பநூஃபெர் என்ற கல்தச்சர் வாக்குமூலம் கொடுக்கிறார்: வழக்கம் போலத் திருடப் போனோம், சொபெக்கெம்சாஃப் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தோம், தங்கத்தை உரித்துக்கொண்டு சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தோம், எட்டுப் பேரும் ஆளுக்கு 20 டெபென் பங்கு போட்டோம். மொத்தம் 160 டெபென், நம் கணக்கில் பதினான்கரை கிலோ தங்கம். 'வழக்கம் போல' என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்புறம் இவர் பிடிபடுகிறார். தன் பங்கைத் துறைமுகப் பகுதி எழுத்தரிடம் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து இவருக்குத் திரும்ப ஈடு கட்டுகிறார்கள்.

இந்த வழக்கின் பின்னால் தீப்ஸ், அதாவது இன்றைய லக்சர் நகரின் கிழக்குக் கரைத் தலைவர் பாசெருக்கும் மேற்குக் கரைத் தலைவர் பவெராவுக்கும் நடந்த பூசல் இருக்கிறது. கல்லறைகள் கொள்ளை போகின்றன என்று பாசெர் புகார் செய்ய, ஆய்வுக்குழு போய்ப் பத்து அரச கல்லறைகளைப் பார்த்து ஒன்றுதான் உடைந்திருக்கிறது என்று வந்தது. மேற்குக் கரைத் தொழிலாளர்கள் வெற்றி ஊர்வலமாகப் போய்ப் பாசெர் வீட்டு வாசலில் அவரை நையாண்டி செய்தார்கள். அரசியல் தெரிந்த வாசகனுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு குறிப்பு: அமென்பநூஃபெரின் வாக்குமூலம் உள்ள பப்பைரஸ் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. கீழ்ப்பாதி ஒரு தனியார் சேகரிப்புக்குப் போயிற்று. மேல்பாதி 1935-இல் பெல்ஜியத்தில் ஒரு மரச் சிலையின் உள்ளே சுருண்டு கிடந்தது. இதை நான் கதையில் எழுதியிருந்தால் 'ரொம்ப சினிமாத்தனம்' என்று சொல்லியிருப்பீர்கள்.

அரண்மனைதான் வேண்டும் என்றால் மூன்றாம் ராம்செஸ் கொலை. துரின் நகரிலுள்ள நீதிமன்றப் பப்பைரஸ், அரசி தியேயும் மகன் பெந்தவெரேவும் செய்த சதியைச் சொல்கிறது. மெழுகுப் பொம்மை செய்து மந்திரம் வைத்ததும் குற்றப்பட்டியலில் உண்டு. விசாரித்த நீதிபதிகளில் சிலரே குற்றம் சாட்டப்பட்ட பெண்களோடு குடித்துக் கும்மாளமிட்டு மாட்டிக்கொண்டு, மூக்கும் காதும் அறுபட்டார்கள். மன்னன் உண்மையில் கொல்லப்பட்டானா என்ற சந்தேகம் 2012 வரை இருந்தது, சி.டி. ஸ்கேனில் மம்மியின் கழுத்து மூச்சுக்குழாய் வரை அறுபட்டிருப்பது தெரிந்தது. காயத்துக்குள் ஹோரஸ் தெய்வத்தின் கண் உருவில் செய்த தாயத்து ஒன்றை வைத்துக் கட்டியிருந்தார்கள். இருந்தாலும் முதல் கதைக்கு அரண்மனை வேண்டாம் என்பேன். மன்னர் வீட்டு ஆட்கள் சீக்கிரம் வசனம் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

4. யார் துப்பறிவது?

மெட்ஜாய் என்ற காவலர்கள் இருந்தார்கள். ஆதியில் நூபியப் பாலைவன மக்களின் பெயர் அது. பிறகு போலீஸுக்கே பெயராயிற்று. ஆனால் போலீஸ்காரரைக் கதாநாயகனாக்கினால் நம் சினிமா இன்ஸ்பெக்டர் உள்ளே புகுந்துவிடுவார், என் அனுபவம். எழுத்தர் நல்ல தேர்வு, படிக்கத் தெரியும், எல்லார் வீட்டுக் கணக்கும் தெரியும். எல்லாரும் அவரைத்தான் எடுக்கிறார்கள் என்பதே குறை.

வேறு இருவரைச் சொல்கிறேன். ஒருவர், சில்லுகளில் 'அறிந்தவள்' என்று குறிப்பிடப்படும் பெண். குழந்தை செத்தால், வீட்டில் துன்பம் தொடர்ந்தால், எந்தத் தெய்வத்தின் கோபம் என்று அவளிடம் போய்க் கேட்டார்கள். ஊர் ரகசியம் எல்லாம் தானாக நடந்து அவள் வாசலுக்கு வரும்.

இன்னொருவர் சலவைக்காரர். ஊருக்கு வெளியிலிருந்து வருபவர், ஆற்றங்கரையில் முதலைக்குப் பயந்துகொண்டே துவைப்பவர். எழுத்து தெரியாது, ஆனால் எந்த வீட்டில் எத்தனை சட்டை, எதில் என்ன கறை என்பது தெரியும். போன தடவை ஐந்து புள்ளி இருந்த இடத்தில் இப்போது நான்கு. ஐந்தாவது சட்டை எங்கே? கேட்டால் அவரை யாரும் மதிக்க மாட்டார்கள். மதிக்காதவர் முன்னால் மனிதர்கள் தாராளமாகப் பேசுவார்கள்.

5. சட்டம் எப்படி நடந்தது

ஊர்ப் பெரியவர்கள் கூடும் மன்றத்துக்குக் கெனெபெத் என்று பெயர். கடன், கழுதை வாடகை, சொத்துத் தகராறு எல்லாம் அங்கேயே முடியும். உயிர்த் தண்டனை அதன் கையில் இல்லை. தலைமை அமைச்சருக்குப் போக வேண்டும். சாட்சி சொல்பவர் ஆமுன் தெய்வத்தின் பெயராலும் அரசனின் பெயராலும் சத்தியம் செய்வார். பொய்யானால் தன்னை அங்கஹீனம் செய்து தெற்கே கூஷ் நாட்டுக்கு அனுப்பட்டும் என்று சொல்லும் சத்தியங்கள் உண்டு. விசாரணையில் தடியடியும் கை கால் முறுக்கலும் சாதாரணம். அடியில் வந்த ஒப்புதல் என்பதாலேயே உங்கள் துப்பறிவாளருக்கு வேலை இருக்கிறது. ஊர் ஒருவனை முடிவு செய்துவிட்டது, அவனும் வலி தாங்காமல் ஒப்புக்கொண்டுவிட்டான், இவருக்கு மட்டும் மனது ஒப்பவில்லை.

அடுத்தது சாமி கேட்பது. முதலாம் அமென்ஹோதெப் மன்னன் இறந்தபின் அந்த ஊருக்குக் காவல் தெய்வமானான். அவன் சிலையைப் பல்லக்கில் தூக்கி வருவார்கள். கேள்வியைச் சொன்னதும் முன்னால் நகர்ந்தால் ஆம், பின்வாங்கினால் இல்லை. 'இவர்தானா திருடியது?' என்கிற மாதிரிக் கேள்விகள் எழுதிய சில்லுகளே கிடைத்துள்ளன. பல்லக்குத் தூக்குபவர்கள் யார்? அதே தொழிலாளர்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். அன்று முன்வரிசையில் தோள் கொடுத்தது யார் என்று உங்கள் சலவைக்காரர் விசாரிக்கலாம்.

ஆனால் இதைப் பித்தலாட்டம் என்று எள்ளி எழுதாதீர்கள். தூக்குபவருமே நம்பினார். நெஃபெராபு என்ற தொழிலாளி நிறுத்திய கல்வெட்டு ஒன்று இருக்கிறது: ப்தா தெய்வத்தின் பெயரால் பொய்ச் சத்தியம் செய்தேன், பகலிலேயே இருட்டைப் பார்க்க வைத்துவிட்டார். கல் தூசியில் வேலை செய்யும் ஊரில் கண்நோய் சகஜம். பொய்ச் சாட்சி சொன்ன ஒருவன் இரண்டாவது வாரம் கண் மங்குகிறது என்று உணர்ந்தால் என்ன ஆவான்? விசாரணையே தேவையில்லை, அவனாகவே வருவான். அல்லது வரப்போகிறான் என்று கொலைகாரன் முந்திக்கொள்வான்.

6. பிணம் பேசும், அவர்கள் மொழியில்

எட்வின் ஸ்மித் பப்பைரஸ் என்று ஒரு மருத்துவ நூல். சுமார் கி.மு. 1600-இல் பிரதி எடுக்கப்பட்டது. 48 காயங்கள், தலையிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் தீர்ப்பு சொல்கிறார்: நான் குணமாக்கும் நோய், நான் போராடிப் பார்க்கும் நோய், ஒன்றும் செய்வதற்கில்லாத நோய். மண்டை உடைந்து மூளை தெரிகிற காயத்தில் அதன் மடிப்புகளை, உருக்கிய செம்பின் மேல் தோன்றும் நெளிவுகளுக்கு ஒப்பிடுகிறது. எட்டாவது காயம் நமக்கு ரொம்ப வேண்டியது: தோல் மேல் கீறல்கூட இல்லை, உள்ளே மண்டை நொறுங்கியிருக்கிறது, ஆள் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறான். 'பீர் குடித்துத் தள்ளாடினான், விழுந்து செத்தான்' என்று ஊர் சொல்லும். உங்கள் மருத்துவர், எந்தக் காலை இழுத்தான் என்று கேட்பார்.

பதப்படுத்தலுக்குச் சம்பிரதாயப்படி 70 நாள், அதில் 40 நாள் அளவு நாட்ரான் உப்பில். குடல், கல்லீரல், நுரையீரல், இரைப்பை நான்கும் தனித்தனி ஜாடிக்குப் போகும். மூளையை மூக்கு வழியாக எடுத்து வீசிவிடுவார்கள். இதயம் மட்டும் உடம்பிலேயே இருக்கும், நினைப்பும் அறிவும் அங்கேதான் என்பது நம்பிக்கை. தமிழில் எழுதுகிற நமக்கு இது லாபம். 'நெஞ்சறியப் பொய் சொல்லாதே' என்று அவர்கள் பேசினால் மொழிபெயர்ப்பு வாடையே அடிக்காது. 70 நாள் என்பது கதைக்குக் கெடுவும் ஆகிவிடும்: கல்லறை மூடிய பிறகு சாட்சியம் உள்ளே போய்விடுமே.

7. பூட்டிய அறை

சாவிப் பூட்டு வைக்காதீர்கள். கதவில் தாழ்ப்பாள், அதில் கயிறு, முடிச்சின் மேல் களிமண், களிமண்மேல் முத்திரை. அறை பூட்டியிருந்தது என்றால் முத்திரை உடையவில்லை என்று அர்த்தம். களிமண் எத்தனை நாள் காய்ந்தது, முத்திரையில் எந்த மூலை மழுங்கியிருக்கிறது, முடிச்சுப் போட்டது இடது கையா என்பதில்தான் உங்கள் புதிர். 1922-இல் துட்டன்காமன் கல்லறை வாசலில் ஹோவர்ட் கார்ட்டர் செய்தது ஏறக்குறைய இதே வேலை. அடைத்துத் திரும்பப் பூசிய ஓட்டைகளையும் அவற்றின் மேலிருந்த வேறு முத்திரைகளையும் வைத்து, பழங்காலத்திலேயே திருடர்கள் வந்துபோனதைக் கண்டுகொண்டார். உள்ளே துணியில் முடிந்த தங்க மோதிரங்கள் கிடந்தன, எவனோ அவசரத்தில் விட்டுவிட்டுப் போனவை.

8. ஏன் கொன்றான்?

பொன், பெண், பதவி எல்லாம் அங்கேயும் உண்டு, சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் வேறு மாதிரியும் யோசியுங்கள். பெயரைச் சுரண்டி அழித்தால் செத்தவனுக்கு இரண்டாம் சாவு என்று நம்பிய மக்கள். அப்பாவின் கல்லறைச் சுவரில் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டவனை மகன் என்ன செய்வான்? அல்லது பசி. மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆண்டில் கூலித் தானியம் வராமல், 'பசிக்கிறது, மாதத்தில் பதினெட்டு நாள் போய்விட்டது' என்று கத்திக்கொண்டு இதே தொழிலாளர்கள் காவல் சுவர்களைத் தாண்டிப் போய்க் கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வாரத்தில் எவன் வீட்டுக் களஞ்சியம் மட்டும் நிறைந்திருந்தது?

கொலைகாரனுக்கும் மறுமை பயம் உண்டு. நெஞ்சுக்கு மேல் வைக்கும் வண்டுருவக் கல்லில், 'என் இதயமே, தீர்ப்பு நேரத்தில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே' என்று ஒரு மந்திரம் எழுதுவார்கள். தன் நெஞ்சிடமே முன்ஜாமீன் கேட்கிற மாதிரி. வயதும் நோயும் இல்லாத ஒருவன் அவசர அவசரமாக இதைச் செய்யச் சொன்னால், செய்து கொடுக்கும் கைவினைஞர் சும்மா இருப்பாரா?

9. பேச்சு

நம் சரித்திரக் கதைகள் கெடுத்துவைத்த பழக்கம் ஒன்று உண்டு. பழங்காலம் என்றாலே 'தங்கள் சித்தம் அடியேன் பாக்கியம்' என்று ஆரம்பித்துவிடுவோம். மருந்தாக ஹெகாநக்த் என்பவரின் கடிதங்களைப் படியுங்கள். நம் டெய்ர் எல்-மெதினா ஆட்களுக்கு எழுநூறு வருடம் மூத்தவர், சிறு நிலக்காரர், ஊரில் இல்லாதபோது வீட்டுக்கு எழுதியவை. 1921-22 தோண்டலில் கிடைத்தன. தானியப் படியை எல்லாருக்கும் குறைத்துவிட்டு, இங்கே ஆளை ஆள் தின்ன ஆரம்பித்துவிட்டார்கள், உங்களுக்கு என்ன குறை என்கிறார். அந்த வேலைக்காரி செனெனை உடனே வெளியே அனுப்பு என்கிறார். அப்படியே நம் வீட்டுப் பெரியவரின் குரல். 1944-இல் அகதா கிறிஸ்டி எழுதிய எகிப்து நாவலுக்கு விதை போட்டது இந்தக் குடும்பச் சண்டைதான், எந்த மன்னனும் இல்லை.

ஒரு தொந்தரவு சொல்கிறேன். அவர்கள் மனைவியையும் காதலியையும் 'சகோதரி' என்ற சொல்லால் அழைத்தார்கள். தமிழில் 'தங்கையே' என்று கணவன் கூப்பிட்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பேச்சில் பெயர் சொல்லிக் கூப்பிட வைத்துவிடுங்கள். ஆனால் கடிதத்தில் அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம். 'அவன் சகோதரிக்கு நான்கு மூட்டை' என்று சில்லில் இருக்கிறது. உடன்பிறந்தவளா, கட்டியவளா? தப்பாகப் புரிந்துகொண்டு பாதிக் கதை போனால் தப்பில்லை.

பெயர்களுக்குப் பயப்பட வேண்டாம். எகிப்து எழுத்தில் உயிரெழுத்துகளைச் சரியாகக் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் இருப்பதே ஊகம்தான். நாக்கில் நிற்கிற மாதிரி எழுதுங்கள். ஒரே கதையில் அமென் என்று தொடங்கும் பெயர் இரண்டு வேண்டாம்.

தேதிக்கு மூன்று பருவம்: வெள்ளம், விதைப்பு, அறுவடை, பருவத்துக்கு 30 நாளில் நான்கு மாதம், வருடக் கடைசியில் ஐந்து நாள் உபரி. 'ஐந்து நிமிடத்தில்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

10. தமிழனைக் கூட்டிப்போக ஆசையா?

எனக்கும் வந்தது. இரண்டாம் ராம்செஸின் மம்மி மூக்கில் மிளகு இருந்தது, மிளகு தென்னிந்தியச் சரக்கு, ஆகவே தமிழ் வணிகர் அரசவையில் நின்றார் என்று எழுதக் கை அரிக்கும். மிளகு எத்தனை கை மாறிப் போயிற்றோ. தமிழர் வேண்டுமென்றால் ஆயிரம் வருடம் தள்ளி ரோமர் காலச் செங்கடல் துறைமுகங்களுக்குப் போங்கள். குசேர் அல்-காதிமில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதிய ஓடே கிடைத்திருக்கிறது, உறிதான் அது. அது வேறு கதை, வேறு எகிப்து.

11. எழுதியதும் யாருக்காவது வாய்விட்டுப் படியுங்கள்

எகிப்து தெரிந்தவருக்கு வேண்டாம். நான் என் அத்தைக்குப் படித்தேன். உளி, திரி, முத்திரை எல்லாம் வைத்துத் திருத்திய பிரதி. காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். கொலைகாரன் மதிலைத் தாண்டி எப்படி ஊருக்குள் வந்தான் என்பதற்கு நான் ஆறு பக்கம் செலவழித்திருந்தேன், கயிறு, அமாவாசை இருட்டு, தூங்கிப்போன வாயில்காவலன்.

"மலைமேல பாலைவனம்னு சொல்றே. அந்த ஊருக்குத் தண்ணி எங்கேருந்துடா வந்தது?"

ஊருக்குள் கிணறு இல்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து தினமும் கழுதைமேல் ஏற்றி வந்து வாசலில் இருந்த தொட்டியில் ஊற்றினார்கள். இது எனக்குத் தெரியும், என் குறிப்பேட்டில் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. கதையில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அன்று ராத்திரி அந்த ஆறு பக்கத்தையும் அடித்துவிட்டு, காலையில் நிறைந்த குடங்களோடு வரும் தண்ணீர்க்காரனுக்கு வாயில்காவலன் தலையைக்கூட நிமிர்த்தாமல் வழி விடுவதாக எழுதினேன்.